மர்ரே ஆற்றின் சுங்கச்சாவடிகள்

கடற்கரை இல்லாத வளரும் நாடுகளை ஐக்கிய நாடுகள் அவை ‘நிலஞ்சூழ் வளரும் நாடுகள்’ என்னும் தனி வகையாகக் கணக்கிட்டு வருகிறது. நேபாளம், பூட்டான், லாவோஸ், மங்கோலியா, எத்தியோப்பியா, மலாவி, பொலிவியா, பராகுவே என நான்கு கண்டங்களில் சிதறிக் கிடக்கும் 32 நாடுகள் இந்த வகையில் அடங்குகின்றன. ஐம்பத்தைந்து கோடிக்கும் மேற்பட்ட மக்கள் அவற்றில் வாழ்ந்தாலும், உலகச் சரக்கு ஏற்றுமதியில் அவர்களுடைய பங்கு ஒரு விழுக்காட்டைச் சற்றே தாண்டுகிறது. 2003இல் அல்மாட்டியிலும் 2014இல் வியன்னாவிலும் வகுக்கப்பட்ட செயல்திட்டங்களைத் தொடர்ந்து, 2024 முதல் 2034 வரையிலான பத்தாண்டுகளுக்கான மூன்றாவது செயல்திட்டத்தை முன்னிறுத்தி, துர்க்மெனிஸ்தானில் காஸ்பியன் கரையிலுள்ள அவாசா நகரில் 2025 ஆகஸ்ட் 5 முதல் 8 வரை ஓர் உலக மாநாடு நடைபெற்றது. கடல் என்று பெயர் பெற்றிருந்தாலும் பெருங்கடலோடு நேரே கலக்காத ஒரு நீர்நிலையின் கரையில் அம்மாநாடு கூடியது இடப்பொருத்தம்தான்.

நாற்புறமும் கடல் சூழ்ந்த ஆஸ்திரேலியாவுக்கும் இந்த நாடுகளின் துயரத்துக்கும் தொடர்பு ஏதும் இருக்க முடியாது என்று தோன்றுவது இயல்பு. ஆனால் சிட்னியிலிருந்து மெல்பர்னுக்கு ஹ்யூம் நெடுஞ்சாலை வழியே காரில் செல்லும் ஆயிரக்கணக்கானோர், தமிழர்கள் உட்பட, ஆல்பரிக்கும் வடோங்காவுக்கும் இடையே மர்ரே ஆற்றை ஒரு நிமிடத்துக்குள் கடக்கும் அந்த இடத்தில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஒரு பன்னாட்டு எல்லைக்கு நிகரான எல்லை இருந்தது. ஆற்றின் இரு கரைகளிலும் சுங்க அதிகாரிகள் இருந்தனர். ஒரு கரையில் வாங்கிய பொருளை மறு கரைக்குக் கொண்டு செல்லத் தீர்வை கட்ட வேண்டியிருந்தது. அந்த எல்லையின் வடபுறத்தில் இருந்த ரிவரினா என்னும் மேய்ச்சல் சமவெளி, பெயரளவில் கடற்கரையுடைய ஒரு காலனியைச் சேர்ந்ததாக இருந்தும், நடைமுறையில் நிலஞ்சூழ் நாடாகவே வாழ்ந்தது. அது அந்தக் கட்டிலிருந்து விடுபட்ட விதமும், முழுமையாக விடுபட ஆன காலமும் இன்றைய 32 நாடுகளைப் பற்றிய விவாதங்களில் நினைவுகூரப்படுவதில்லை. நினைவுகூரத்தக்க செய்திகள் அதில் நிறையவே உள்ளன.

தலைநகர் ஒருபுறம், துறைமுகம் மறுபுறம்

1851 ஜூலை 1ஆம் நாள் விக்டோரியா தனிக் காலனியாகப் பிரிக்கப்பட்டபோது மர்ரே ஆறு எல்லையாக வகுக்கப்பட்டது. ஆற்றின் நீரோட்டம் முழுவதும் நியூ சவுத் வேல்ஸுக்கே உரியது என்றும், தென்கரையின் மேல்விளிம்பிலிருந்து விக்டோரியா தொடங்குகிறது என்றும் எல்லை வரையறுக்கப்பட்டது. லண்டனில் இருந்தவர்களுக்கு நிலப்படத்தில் ஓர் ஆறு வசதியான கோடாகத் தெரிந்திருக்கக்கூடும். ஆற்றங்கரையில் ஆடு மேய்த்தவர்களுக்கோ அந்தக் கோடு தங்கள் சந்தையைத் தங்களிடமிருந்து பிரித்தது. ரிவரினாவின் முக்கிய ஊரான டெனிலிக்வினிலிருந்து மெல்பர்ன் 300 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் இருக்க, ஆட்சித் தலைநகரான சிட்னி 700 கிலோமீட்டருக்கும் அப்பால், மலைத்தொடரைத் தாண்டி இருந்தது. மேய்ச்சல் பண்ணைகளுக்கு முதலீடு வந்ததும், கடன் வந்ததும், மாவும் சர்க்கரையும் இரும்புக் கம்பியும் வந்ததும் மெல்பர்னிலிருந்துதான். கம்பளி கப்பல் ஏறப் போனதும் அங்குதான். வரி மட்டுமே சிட்னிக்குப் போயிற்று. இந்த முரண்பாட்டால் எரிச்சலுற்ற மேய்ச்சலாளர்கள் 1860களில் டெனிலிக்வினை மையமாகக் கொண்டு, ரிவரினாவைத் தனிக் காலனியாக்க வேண்டும் என்று ஓர் இயக்கமே நடத்தினார்கள். அது நிறைவேறியிருந்தால் ஆஸ்திரேலியாவில் உண்மையாகவே கடற்கரையற்ற ஓர் ஆட்சிப்பகுதி உருவாகியிருக்கும்.

கடலுக்குப் போக ஆற்றையே வழியாக்கும் முயற்சி 1853இல் தொடங்கியது. அவ்வாண்டில் வில்லியம் ராண்டலின் ‘மேரி ஆன்’, பிரான்சிஸ் கேடலின் ‘லேடி அகஸ்டா’ என்னும் இரு நீராவிப் படகுகள் தெற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஆற்றை எதிர்த்து மேலேறின. ஆனால் மர்ரே கடலில் கலக்கும் முகத்துவாரம் மணல்மேடுகளாலும் அலைகளாலும் கப்பலுக்கு ஆபத்தானதாக இருந்ததால், கூல்வா என்னும் ஆற்றுத்துறையில் சரக்கை இறக்கி, 1854இல் அமைக்கப்பட்ட குதிரை இழுக்கும் இருப்புப்பாதை வழியே போர்ட் எலியட் கடற்கரைக்குக் கொண்டு சென்றார்கள். நிலஞ்சூழ் வணிகத்தின் அடிப்படைச் சிக்கல் இங்கேயே முழு உருவில் தெரிகிறது: சரக்கு எத்தனை முறை இறக்கி ஏற்றப்படுகிறதோ, அத்தனை முறை கூலி, சேதம், தாமதம் என மூன்றும் கூடுகின்றன.

அந்த வணிகத்தை மெல்பர்ன் பக்கம் திருப்பியது ரயில். 1862இல் பெண்டிகோவை எட்டிய விக்டோரிய இருப்புப்பாதை 1864இல் மர்ரே கரையிலுள்ள எச்சூக்காவைத் தொட்டது. நீர்கள் கூடுமிடம் என்று யோர்ட்டா யோர்ட்டா மக்களின் மொழியில் பொருள்படும் அவ்வூரில், செம்மரம் என்று அங்குள்ளோர் சொல்லும் ரிவர் ரெட் கம் மரத்தூண்களின்மீது ஒரு படகுத்துறை எழுப்பப்பட்டது. ஆற்று நீர்மட்டம் பருவத்துக்குப் பருவம் பல மீட்டர் ஏறி இறங்கும் என்பதால் அத்துறை அடுக்கடுக்கான தளங்களோடு கட்டப்பட்டது. மர்ரே, மர்ரம்பிட்ஜி, டார்லிங் ஆறுகளின் கரைப் பண்ணைகளிலிருந்து படகுகளில் வந்த கம்பளி மூட்டைகள் அங்கேயே ரயில் பெட்டிகளில் ஏறி, அன்றிரவே மெல்பர்ன் துறைமுகத்தை நோக்கிப் புறப்பட முடிந்தது. இன்றைய வணிகச் சொல்லில் இதை ‘உலர் துறைமுகம்’ எனலாம்: கடலிலிருந்து தொலைவில் உள்நாட்டில் அமைந்திருந்தாலும், சுங்கப் பணிகளும் சரக்கு மாற்றமும் அங்கேயே முடிந்து, கடற்துறைமுகத்தோடு ரயிலால் நேரே இணைக்கப்பட்ட இடம். கோவையை அடுத்த இருகூரிலிருந்து கன்டெய்னர்கள் கடற்துறைக்குப் போவதை அறிந்த தமிழ் வாசகர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதன்று.

எச்சூக்காவோடு மெல்பர்ன் நிற்கவில்லை. விக்டோரிய முதலீட்டில் உருவான ஒரு தனியார் நிறுவனம், ஆற்றுக்கு வடக்கே, நியூ சவுத் வேல்ஸ் மண்ணுக்குள்ளேயே, மோமாவிலிருந்து டெனிலிக்வின் வரை ஓர் இருப்புப்பாதை அமைத்து 1876இல் திறந்தது. அதுவும் விக்டோரியாவின் தண்டவாள அகலத்திலேயே அமைந்த பாதை. தன் எல்லைக்குள் அயலாரின் ரயில் ஓடுவதைக் கண்ட சிட்னி தன் பாதைகளைத் தெற்கே விரைவுபடுத்தியது. 1870களின் இறுதியில் வாகா வாகாவையும், 1881இல் ஆல்பரியையும், 1882இல் ஹே நகரையும் அவை எட்டின. இதற்கிடையே 1878இல் அடிலெய்டிலிருந்து மர்ரே கரையிலுள்ள மோர்கனுக்கும் ரயில் வந்துவிட்டது. ஒரே கம்பளி மூட்டைக்கு மூன்று துறைமுகங்கள் போட்டியிட்டன. தொலைவிலிருந்து வரும் ரிவரினா கம்பளிக்கு விக்டோரிய ரயில்வே சலுகைக் கட்டணம் அறிவிக்க, சிட்னியும் அதற்கு இணையாகத் தன் கட்டணத்தைக் குறைக்க, அருகிலேயே இருந்த விக்டோரிய உழவர்கள் தங்களைவிடத் தொலைவில் இருப்பவன் குறைவாகக் கட்டுகிறான் என்று முறையிட்டார்கள்.

ரிவரினாவின் அதிர்ஷ்டம் இதுதான். ஒரே அயலாரை நம்பியிருக்கும் உள்நாட்டுப் பகுதி அந்த அயலார் கேட்ட விலையைக் கொடுத்தாக வேண்டும். இருவர் அல்லது மூவர் கடைதிறந்து காத்திருந்தால், பேரம் பேசும் உரிமை சரக்குக்காரனுக்கு வந்துவிடுகிறது.

கொரோவாவில் கூடியவர்கள்

கட்டணம் குறைந்தாலும் தீர்வை குறையவில்லை. 1860களின் நடுப்பகுதியிலிருந்து விக்டோரியா தன் தொழில்களைக் காக்க இறக்குமதி மீது தீர்வை விதிக்கும் காப்பு வணிகக் கொள்கையை மேற்கொண்டது; நியூ சவுத் வேல்ஸோ தீர்வைகளைக் குறைவாக வைத்திருக்கும் தடையற்ற வணிகக் கொள்கையைப் பெருமையோடு பற்றிக்கொண்டிருந்தது. இரு கொள்கைகளும் ஓர் ஆற்றின் இரு கரைகளில் நேருக்கு நேர் நின்றதால், ஆற்றைக் கடக்கும் ஒவ்வொரு மூட்டையும் வண்டியும் ஆடுமாடும் கணக்குக்கு உட்பட்டன. எல்லையில் தீர்வை வசூலிப்பதைத் தவிர்த்து, அதற்கு ஈடாக ஆண்டுக்கு ஒரு தொகையைக் காலனிகள் தமக்குள் கொடுத்து வாங்கிக்கொள்ளும் உடன்படிக்கைகள் 1850களிலிருந்தே முயலப்பட்டன. ஒவ்வொன்றும் சில ஆண்டுகள் நிலைத்து, வருவாய்ப் பங்கீட்டில் ஏற்பட்ட சச்சரவில் முறிந்தது. வடக்கிலிருந்து வரும் கால்நடைகள்மீது விக்டோரியா விதித்த வரி ரிவரினா மேய்ச்சலாளர்களை நேரடியாகத் தாக்கியது. எதிரெதிர்க் கரைகளில் உள்ள கொரோவாவுக்கும் வாகுன்யாவுக்கும் இடையே பாலத்தைக் கடந்து கடைக்குப் போய்வருவதுகூட ஒருவகை ஏற்றுமதி இறக்குமதியாயிற்று. கள்ளக்கடத்தல் பெருகியது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

ஆஸ்திரேலியக் கூட்டாட்சி இயக்கம் தலைநகர அரசியல்வாதிகளின் கையில் தளர்ந்திருந்த காலத்தில், அதற்கு உயிர் கொடுத்தவர்கள் இந்த எல்லை ஊர் மக்களே என்பது தற்செயல் அன்று. கூட்டாட்சி இயக்கத் தலைவர்களில் ஒருவரான எட்மண்ட் பார்ட்டன் 1892இன் இறுதியில் கொரோவாவிலும் ஆல்பரியிலும் பேசியதைத் தொடர்ந்து எல்லை ஊர்களில் கூட்டாட்சிச் சங்கங்கள் தோன்றின. 1893 ஜூலை 31, ஆகஸ்ட் 1 ஆகிய நாள்களில் அவை கொரோவாவில் ஒரு மாநாடு கூட்டின. மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள் அரசமைப்பை வரைய வேண்டும், அதை மக்கள் வாக்குக்கு விட வேண்டும் என்று பெண்டிகோவைச் சேர்ந்த ஜான் குவிக் அங்கே கொண்டுவந்த தீர்மானம்தான் பின்னர் நடந்தவற்றுக்கெல்லாம் வழிவகுத்தது. 1898இல் நடந்த முதல் வாக்கெடுப்பில் நியூ சவுத் வேல்ஸில் ஆதரவு வாக்குகளே மிகுதியாக இருந்தபோதும், சட்டம் வற்புறுத்திய 80,000 என்ற எண்ணிக்கையை எட்டாததால் அது தோற்றது. அப்போதும் ரிவரினா உறுதியாக ஆதரவாகவே வாக்களித்தது. சுங்கச்சாவடியைத் தினமும் கடப்பவனுக்குக் கூட்டாட்சி ஓர் அரசியல் கோட்பாடாக அன்று, வீட்டுச் செலவாகவே தெரிந்தது.

1901இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 92ஆம் பிரிவு, மாநிலங்களுக்கு இடையிலான வணிகமும் போக்குவரத்தும் முற்றிலும் கட்டற்றவை என்று விதித்தது. பலரும் இந்தப் பிரிவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் அதைச் செயற்படுத்தத் துணைநின்ற ஏனைய பிரிவுகளே நிலஞ்சூழ் நாடுகளுக்கு அதிகம் பயன்படக்கூடியவை. 87ஆம் பிரிவு, தாஸ்மேனிய முதல்வர் எட்வர்ட் பிராடனின் பெயரால் வழங்கப்படுவது, மத்திய அரசு வசூலிக்கும் சுங்க வருவாயில் நான்கில் மூன்று பங்கு முதல் பத்தாண்டுகளுக்கு மாநிலங்களுக்கே பயன்பட வேண்டும் என்றது. அதாவது சாவடியை மூடியதால் வருவாய் இழப்பவருக்கு ஈடு வழங்கியது. 102ஆம் பிரிவு, ஒரு மாநில ரயில்வே மற்றொரு மாநிலத்துக்குப் பாதகமாக வேறுபட்ட கட்டணம் விதிப்பதைத் தடுக்கும் அதிகாரத்தைத் தந்தது. இவற்றைக் கண்காணிக்க மாநிலங்களிடை ஆணையம் ஒன்றும் வகுக்கப்பட்டது. அது 1913இல்தான் அமைக்கப்பட்டது, 1915இல் கோதுமை தொடர்பான ஒரு வழக்கில் உயர் நீதிமன்றம் அதன் தீர்ப்பு வழங்கும் அதிகாரத்தைப் பறித்துவிட்டது. சட்டம் எழுதியவர்கள் நடைமுறைப்படுத்தும் அமைப்பையும் எழுதிவைத்தார்கள். அதுவே முதலில் முடமாயிற்று.

இரும்பில் பதிந்த எல்லை

தீர்வையைப் பேனாவால் நீக்க முடிந்தது. தண்டவாளத்தை அப்படி நீக்க முடியவில்லை. இதற்கான காரணம் 1850களிலேயே விதைக்கப்பட்டது. சிட்னியின் ரயில் நிறுவனப் பொறியாளராக இருந்த பிரான்சிஸ் ஷீல்ட்ஸ் தண்டவாளங்களுக்கு இடையே 1600 மில்லிமீட்டர் அகலத்தை வற்புறுத்தினார். விக்டோரியாவும் தெற்கு ஆஸ்திரேலியாவும் அதையே ஏற்று வண்டிகளுக்கு ஆணை கொடுத்துவிட்ட பிறகு, அவருக்கு அடுத்து வந்த ஜேம்ஸ் வாலஸ் பிரிட்டனின் 1435 மில்லிமீட்டர் அகலத்துக்கு மாறிவிட்டார். குவீன்ஸ்லாந்து 1865இல் செலவைக் குறைக்க 1067 மில்லிமீட்டர் அகலத்தை எடுத்துக்கொண்டது. 1883 ஜூன் மாதத்தில் ஆல்பரியில் இரு காலனிகளின் பாதைகளும் பாலத்தால் இணைக்கப்பட்டபோது வண்டிகள் ஒன்றின் பாதையில் மற்றொன்று ஓட முடியவில்லை. பயணிகள் நள்ளிரவிலும் இறங்கி மறுபுறம் நின்ற வண்டியில் ஏறினார்கள். சரக்கு கைகளால் மாற்றப்பட்டது. அதற்காகவே ஆல்பரியில் ஏறத்தாழ 450 மீட்டர் நீளமுள்ள நடைமேடை அமைந்தது. 1895இல் அங்கு வண்டி மாறிய அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெயின் இந்த ஏற்பாட்டைத் தம் பயண நூலில் கேலி செய்தார். எழும்பூரில் மீட்டர் பாதையும் சென்ட்ரலில் அகலப் பாதையும் இருந்த நாள்களில் சென்னை வழியே பயணம் செய்தவர்களுக்கு இந்தக் கேலியின் பொருள் விளங்கும்.

சிட்னிக்கும் மெல்பர்னுக்கும் இடையே ஒரே அகலமுள்ள பாதை முழுமையாகத் திறக்கப்பட்டது 1962இல். சுங்க எல்லை மறைந்து அறுபது ஆண்டுகள் கழித்தே ரயில் எல்லை மறைந்தது என்பதை, நிலஞ்சூழ் நாடுகளின் சாலைகளையும் ரயில்களையும் திட்டமிடுவோர் ஒவ்வொருவரும் மேசைமேல் எழுதி ஒட்டிக்கொள்ளலாம்.

லாவோஸ் இதே பாடத்தை இப்போது படித்துக்கொண்டிருக்கிறது. அதில் ஆஸ்திரேலியாவுக்கு நேரடிப் பங்குண்டு. மீகாங் ஆற்றின்மீது தாய்லாந்தின் நோங் காய் நகரையும் லாவோஸின் தலைநகரான வியஞ்சானின் புறநகரையும் இணைக்கும் 1,170 மீட்டர் நீளமுள்ள நட்புறவுப் பாலம், ஏறத்தாழ 4 கோடியே 20 இலட்சம் ஆஸ்திரேலிய டாலர் கொடையில் கட்டப்பட்டு, 1994 ஏப்ரல் 8 அன்று தாய்லாந்து மன்னர், லாவோஸ் அதிபர் ஆகியோரோடு ஆஸ்திரேலியப் பிரதமர் பால் கீட்டிங்கும் முன்னிலை வகிக்கத் திறக்கப்பட்டது. தாய்லாந்தில் வண்டிகள் இடப்பக்கமாகவும் லாவோஸில் வலப்பக்கமாகவும் ஓடுவதால், பாலத்தின் லாவோஸ் முனையில் விளக்குச் சமிக்ஞையோடு பக்கம் மாறும் இடம் அமைக்கப்பட்டது. பாலத்தின் நடுவே ரயிலுக்கும் இடம் விடப்பட்டிருந்தது. 2009இல் தாய்லாந்தின் மீட்டர் பாதை அதன் வழியே தானாலெங் வரை வந்தது. ஆனால் 2021 டிசம்பரில் திறக்கப்பட்ட லாவோஸ்–சீன ரயில் பாதை 1435 மில்லிமீட்டர் அகலமுடையது. சீனாவின் கூன்மிங்கிலிருந்து பாங்காக்கின் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர், வியஞ்சானுக்கு அருகே ஒரு பாதையிலிருந்து மற்றொரு பாதைக்குக் கிரேனால் தூக்கி வைக்கப்படுகிறது. கைகளுக்குப் பதில் கிரேன் வந்திருக்கிறது. ஆல்பரியின் கதை மாறவில்லை.

ஆயினும் பாலமும் பாதையும் மட்டும் வணிகத்தைத் தந்துவிடாது. 2010இல் உலக வங்கி வெளியிட்ட ஒரு நூலில் ஆர்விஸ், ராபலான், மார்ட்டோ ஆகிய மூவரும் நிறுவிய கருத்து இதற்குப் பொருந்துகிறது: நிலஞ்சூழ் நாடுகளை வருத்துவது தொலைவைவிடவும், சரக்கு எந்த நாளில் வந்து சேரும் என்று சொல்ல முடியாத நிலைதான். வந்து சேரும் நாளை நம்ப முடியாத வணிகன் கூடுதல் சரக்கைக் கிடங்கில் அடுக்குகிறான். அதற்கான முதலும் வட்டியும் விலையில் ஏறுகின்றன. இயந்திர உதிரிபாகத்துக்காகக் காத்திருக்கும் தொழிற்சாலை நின்றுபோகிறது. இந்த நிச்சயமின்மையைப் பயன்படுத்திப் பிழைக்கும் லாரி உரிமையாளர் சங்கங்கள், இடைத்தரகர்கள், எல்லை அலுவலர்கள் என ஒரு கூட்டமே உருவாகி, சீர்திருத்தத்தை எதிர்ப்பதில் உறுதியாக நிற்கிறது.

அயலார் ஒருவர் மட்டும் என்றால்

ஒரே அயலாரை நம்பியிருப்பதன் விளைவுக்கு நேபாளத்தின் அனுபவம் நேர் சான்று. அதை ஆஸ்திரேலியா தெரிந்துகொள்வதற்குத் தனிக் காரணமும் உண்டு. 2021 கணக்கெடுப்பில் நேபாளத்தில் பிறந்தோர் ஏறத்தாழ 1,22,000 பேர் ஆஸ்திரேலியாவில் வாழ்ந்தனர். சிட்னியின் ராக்டேல், ஹர்ஸ்ட்வில், ஆபர்ன் பகுதிகளில் நேபாளி மொழிப் பெயர்ப்பலகைகள் அன்றாடக் காட்சி. அந்தக் கடைகளில் உள்ள பொருள்களில் நேபாளத்திலிருந்து வந்தவை எத்தனை குறைவு என்பதைப் பார்த்தால் அந்நாட்டின் ஏற்றுமதி நிலை விளங்கும்.

நேபாளத்தின் கடல்வழி வணிகம் பெரும்பாலும் கொல்கத்தா, ஹல்தியா துறைமுகங்களையும், 2016 முதல் விசாகப்பட்டினத்தையும் சார்ந்தது. கொல்கத்தா ஆற்றுத் துறைமுகம் என்பதால் பெரிய கப்பல்கள் அங்கே வருவதில்லை. கொழும்பு, சிங்கப்பூர் போன்ற இடங்களில் சரக்கு சிறு கப்பலுக்கு மாற்றப்படுகிறது. பிறகு ரயிலில் ரக்சால் வழியே பீர்கஞ்சின் உலர் துறைமுகத்துக்கும், அங்கிருந்து லாரியில் காத்மாண்டுவுக்கும் செல்கிறது. இடையில் ஓர் ஆவணம் தாமதமானாலும் துறைமுகத்தில் டெமரேஜ் எனப்படும் தாமதக் கட்டணம் நாள்தோறும் ஏறுகிறது. 1989 மார்ச்சில் வணிக, கடப்பு உடன்படிக்கைகள் காலாவதியானபோது இந்தியா 15 கடப்பு வழிகளில் இரண்டைத் தவிர ஏனையவற்றை மூடியது. மண்ணெண்ணெய்க்கும் உப்புக்கும் நாடு தவித்தது. 2015 செப்டம்பரில், புதிய அரசமைப்பு அறிவிக்கப்பட்டதைத் தொடர்ந்து, எல்லைச் சரக்குகள் மாதக்கணக்கில் நின்றுபோயின; அதைத் தான் விதித்த தடை என ஏற்க இந்தியா மறுத்தது.

பன்னாட்டுச் சட்டம் அப்போது என்ன செய்தது? 1982இன் கடற்சட்ட உடன்படிக்கை, நிலஞ்சூழ் நாடுகளுக்குக் கடலை அடையும் உரிமையையும், அயல்நாட்டின் வழியே சரக்கைக் கொண்டு செல்லும் கடப்புரிமையையும் 125ஆம் உறுப்பில் உறுதி செய்கிறது. அதே உறுப்பின் அடுத்த பகுதி, அந்த உரிமையின் நிபந்தனைகளை இரு நாடுகளும் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது. பேச மனமில்லாத அயலாரிடம் உரிமை ஏட்டில் மட்டும் இருக்கிறது. உலக வணிக அமைப்பின் வணிக எளிமையாக்க உடன்படிக்கை, 2017 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது, தன் 11ஆம் உறுப்பில் கடப்புச் சரக்குக்கான கட்டணங்களையும் சோதனைகளையும் கட்டுப்படுத்துகிறது. அதன் மதிப்பும் அதைக் கேட்டு வாங்கும் வலிமையைப் பொறுத்ததே.

நேபாளம் அந்த வலிமையை இரு வழிகளில் தேடியது. 2016இல் சீனாவோடு கடப்பு உடன்படிக்கை செய்து, 2019இல் தியான்ஜின் உள்ளிட்ட நான்கு சீனத் துறைமுகங்களைப் பயன்படுத்த உரிமை பெற்றது. இமயத்துக்கு அப்பால் மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தொலைவிலுள்ள அத்துறைமுகங்களால் உடனடிப் பயன் சிறிதே என்றாலும், பேரத்தில் அதற்கு மதிப்புண்டு. மற்றொன்று, மின்னணு முத்திரையிட்ட கன்டெய்னரைக் கொல்கத்தாவில் திறந்து பார்க்காமல், பயணம் முழுவதும் கண்காணித்து, பீர்கஞ்சில் மட்டும் சுங்கத் தீர்வு செய்யும் முறை. இந்த இரண்டாவது ஏற்பாடு செய்தித்தாள்களின் முதல் பக்கத்தைப் பிடிக்கவில்லை. வணிகர்களுக்குப் பயன் தந்தது அதுவே. 2009 டிசம்பரில் ஜாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் இடையே சிருண்டுவில் திறக்கப்பட்ட ‘ஒரே நிறுத்த எல்லைச்சாவடி’யும் இந்த வகையைச் சேர்ந்தது: இரு நாட்டு அலுவலர்களும் ஒரே வளாகத்தில் அமர்ந்து, லாரியை இருமுறை நிறுத்துவதற்குப் பதில் ஒருமுறை நிறுத்துகிறார்கள்.

வருவாய்ப் பங்கீட்டுக்கு ஒப்பீடு தேடினால் தென்னாப்பிரிக்காதான் கிடைக்கிறது. பிராடன் பிரிவின் பத்தாண்டு முடிந்த அதே 1910இல் உருவான தென்னாப்பிரிக்கச் சுங்க ஒன்றியம், உலகில் இன்றும் இயங்குபவற்றுள் மிகப் பழையது. போட்ஸ்வானா, லெசோத்தோ, எஸ்வாத்தினி ஆகிய நிலஞ்சூழ் நாடுகள் அதன் பொதுச் சுங்க நிதியில் பங்கு பெறுகின்றன. லெசோத்தோவும் எஸ்வாத்தினியும் அந்தப் பங்கையே அரசு வருவாய்க்குப் பெரிதும் நம்பியிருப்பதால், பெரிய உறுப்பினரான தென்னாப்பிரிக்காவின் இறக்குமதி சரியும் ஆண்டில் அவற்றின் பள்ளிகளும் மருத்துவமனைகளும் தள்ளாடுகின்றன. ஆஸ்திரேலிய அரசமைப்பை வரைந்தவர்கள் ஈட்டுத்தொகைக்குப் பத்தாண்டு எல்லை வைத்தது அப்போது பலருக்குக் கசந்தது. திரும்பிப் பார்த்தால் அது முன்னெச்சரிக்கையாகவே படுகிறது.

போர்ட் பாட்டனியின் எல்லை

ஆஸ்திரேலியா தன் பங்குக்குச் செய்தவற்றில் முக்கியமானது, குறைந்த வளர்ச்சியுற்ற நாடுகளின் பொருள்கள் அனைத்துக்கும் 2003 ஜூலை 1 முதல் தீர்வையும் அளவுக் கட்டுப்பாடும் இல்லாத நுழைவை வழங்கியது. நிலஞ்சூழ் வளரும் நாடுகளில் பாதி இப்பட்டியலில் உள்ளன. பூட்டான் 2023 டிசம்பரில் அந்தப் பட்டியலிலிருந்து உயர்ந்தது. நேபாளமும் லாவோஸும் 2026 நவம்பர் 24 அன்று உயர நாள் குறிக்கப்பட்டது. சலுகைகள் வறுமையோடு கட்டப்பட்டிருப்பதால், வறுமையிலிருந்து ஒரு படி ஏறுவோர் சலுகையில் ஒரு படி இழக்கும் நிலை வருகிறது; கடற்கரை மட்டும் எந்தப் படியிலும் வருவதில்லை.

தீர்வை இல்லாதபோதும் சிட்னியின் துறைமுகமான போர்ட் பாட்டனியிலும் மெல்பர்னின் ஸ்வான்சன் துறையிலும் இன்னோர் எல்லை காத்திருக்கிறது: உயிரியல் பாதுகாப்புச் சோதனை. ஊரிலிருந்து திரும்பும்போது பையிலிருந்த கறிவேப்பிலையை சிட்னி விமான நிலையத்தில் பறிகொடுத்த தமிழர்களுக்கு அதன் கண்டிப்பு தெரியும். தன் உழவுத்தொழிலைக் காக்க ஆஸ்திரேலியாவுக்கு அந்தக் கண்டிப்பு தேவையே. எனினும் மரப்பெட்டிக்கு முறைப்படி வெப்பமூட்டிய முத்திரை இல்லையென்று திருப்பப்படும் சரக்கு, கடலோர நாட்டு வணிகனுக்கு ஒரு நட்டம். எல்லைகள் கடந்து வந்த லாவோஸின் காப்பி மூட்டைக்கோ நேபாளத்தின் தேயிலைக்கோ திரும்பிப் போகும் வழியே கிடையாது. சோதனைக்கூடமும் சான்றிதழ் அளிக்கும் திறனும் சரக்கு புறப்படும் நாட்டிலேயே அமைய உதவுவது, இன்னொரு பாலம் கட்டுவதைவிடக் குறைந்த செலவில் அதிகப் பயன் தரும். பாலத்தைப் போல அதைத் திறந்து வைக்க மன்னர்கள் வரமாட்டார்கள் என்பதே அதற்குள்ள தடை.

துறைமுகமே வேண்டாத சரக்கும் உண்டு. லாவோஸ் தாய்லாந்துக்கும், பூட்டான் இந்தியாவுக்கும் நீர்மின்சாரம் விற்கின்றன. நேபாளம் 2021 முதல் இந்தியாவுக்கு விற்கிறது, 2024 அக்டோபரில் கையெழுத்தான முத்தரப்பு ஒப்பந்தப்படி 40 மெகாவாட் மின்சாரத்தை இந்தியக் கம்பிகள் வழியே வங்கதேசத்துக்கும் அனுப்பத் தொடங்கியது. அந்த 40 மெகாவாட்டுக்கும் இந்தியாவின் இசைவு தேவைப்பட்டது. கம்பிக்கும் கடப்புரிமை உண்டு.

ரிவரினாவைப் பொறுத்தவரை, அது இன்றும் கடல் காணவில்லை. அதன் அரிசியும் மதுவும் பருத்தியும் கன்டெய்னர்களில் பெரும்பாலும் மெல்பர்ன் துறைமுகத்துக்கே செல்கின்றன. அது விக்டோரியாவின் துறைமுகம் என்று எந்த உழவரும் கவலைப்படுவதில்லை. மெல்பர்னிலிருந்து பிரிஸ்பேன் வரை கடற்கரையைத் தொடாமல் உள்நாடு வழியே 1,600 கிலோமீட்டருக்கு மேல் நீளும் உள்நாட்டு ரயில் திட்டம் 2018இல் தொடங்கப்பட்டு, செலவு 31 பில்லியன் டாலரைத் தாண்டும் என்று 2023இல் வெளியான கெரி ஷாட்டின் ஆய்வறிக்கை எச்சரித்த பின், முதலில் பார்க்ஸ் வரையிலான தென்பகுதியை முடிப்பது என்று சுருங்கியது. எச்சூக்காவின் செம்மரப் படகுத்துறையில் இப்போது சுற்றுலாப் படகுகள் நிற்கின்றன; வாகுன்யாவில் பழைய சுங்கச்சாவடிக் கட்டடம் ஆற்றைப் பார்த்தபடி இருக்கிறது. ஆல்பரியின் நீண்ட நடைமேடையில், சிட்னியிலிருந்து மெல்பர்னுக்குச் செல்லும் ரயில் சில நிமிடங்கள் நின்று, யாரையும் வண்டி மாற்றச் சொல்லாமல் புறப்பட்டுப் போகிறது.